குளிர்காற்றுக்கு ஒரு குழாய்

போன வாரம் எங்கள் பழனி வீட்டுக் குளியலறையில் தண்ணீர்க் குழாய் மாற்றுவதற்குப் பிளம்பர் வந்திருந்தார். பிளாஸ்டிக் குழாயை ரம்பத்தால் அறுத்து, முனையைத் தீயில் காட்டி இளக்கி, இன்னொன்றுக்குள் சொருகிக்கொண்டிருந்தார். கருகிய பிளாஸ்டிக் வாடையும் ஒட்டுகிற பசையின் நெடியும் சேர்ந்து அடுக்களை வரைக்கும் வந்தன. நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். எனக்கே தெரியாமல் என் இரண்டு கைகளும் கீரையை விட்டுவிட்டு மடியில் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டன. மடியில் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே என்ன இருந்திருக்க வேண்டும் என்று கைகளுக்குத் தெரிந்திருந்தது. கார் பின்னால் உருளாமல் இருக்க டயருக்கு அடியில் வைப்பார்களே, அந்த மரக்கட்டை.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டாம். குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு முனகல் வருமே, அதற்கே நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். பழனியில் பிறந்து வளர்ந்தவள். மலைக்கோயிலுக்கு விஞ்ச் ஏறிப் போவதை அடிவாரத்தில் நின்று பார்த்தாலே உள்ளங்கால் கூசும். எங்கள் வீட்டில் யாரும் அதில் ஏறப்போவதில்லை என்று தெரிந்தும் கூசும். அப்படிப்பட்டவளைத்தான் அத்தா பார்த்துப் பார்த்துக் கொடைக்கானல் பஜாரில் கட்டிக்கொடுத்தார். கல்யாணம் முடிந்து முதல்முறை மலை ஏறியபோது பாதி வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தேன். மீதிப் பாதியில் வாந்தி எடுத்தேன். புது மாப்பிள்ளை பாவம், எலுமிச்சம்பழமும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

அவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பஜாரில் அவர்களுக்கு ஹார்டுவேர் கடை. ஆணி, தாழ்ப்பாள், தகரம், குழாய், பெயிண்ட். இரும்பும் சணலும் டர்பன்டைனும் கலந்த அந்தக் கடையின் வாடை அவர் சட்டையிலும் இருக்கும். ஒரு சாமான் கையில் கிடைத்தால், அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஆகும் என்று நினைக்கிற மனுஷன். வீட்டுக் கூரையில் கறுப்புக் குழாயைச் சுருள் சுருளாகப் போட்டு வெயிலில் வெந்நீர் வரவைத்தார். வெயில் அடித்த நாளில் வெந்நீர் வந்தது. கொடைக்கானலில் வெயில் அடிக்கிற நாளில் வெந்நீர் யாருக்கு வேண்டும்? மழை நாளில் அதே குழாயில் வந்த தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரைக்கும் குளிர் போகும். அதைப் பற்றி நானும் அவர் அம்மாவான மாமியும் அவரிடம் எதுவும் பேசுவதில்லை. செய்து முடித்துவிட்டு நம் முகத்தைப் பார்த்தபடி நிற்கும்போது என்ன சொல்ல முடியும் சொல்லுங்கள்.

கல்யாணமான மறுவருஷம் எனக்கு வடகவுஞ்சியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. கொடைக்கானலிலிருந்து பெருமாள்மலைக்கு இறங்கி, அங்கே பழனி ரோட்டில் திரும்பி, காட்டுக்குள்ளேயே போக வேண்டும். காலையில் ஒரு பஸ் ரொம்ப வெள்ளனே போய்விடும். அடுத்த பஸ்ஸில் போனால் முதல் பாடம் முடிந்திருக்கும். தானே கொண்டுபோய் விட்டுவிட்டுக் கடை திறக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவதாக மச்சான் சொன்னார். சாயங்காலம் நான் பஸ்ஸில் வந்துவிட வேண்டியது. என் மேல் உள்ள பிரியம் பாதி, கார் வாங்க ஒரு காரணம் கிடைத்த சந்தோஷம் பாதி.

அப்படி வந்ததுதான் அந்தப் பழைய பெட்ரோல் கார். மோர்க்குழம்பு நிறம். இஞ்சின் நன்றாகத்தான் இருந்தது என்பார்கள். ஹேண்ட் பிரேக் என்று ஒரு கம்பி இருந்தது. இழுத்தால் சத்தம் வரும், கார் நிற்காது. எத்தனை முறை சரிசெய்தாலும் இரண்டு வாரத்தில் பழையபடி தளர்ந்துவிடும். மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சீட்டுக்கு அடியில் ஒரு கட்டை வைத்திருப்பார்கள். ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் கூட வருகிற ஆள் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். லாரியில் அது கிளீனரின் வேலை. எங்கள் காரில் கிளீனர் நான்தான். மச்சான் சில்வர் ஓக் மரத்தில் ஒரு பக்கம் சரிவாக அறுத்து எனக்கென்றே ஒரு கட்டை செய்து தந்தார். அதைச் சீட்டுக்கு அடியில் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே போவேன். பச்சைப் புடவையில் ஒட்டிய மரத்தூளைப் பார்த்து, டீச்சர் தச்சுப் பட்டறையிலிருந்து வருகிறார் என்று பிள்ளைகள் நினைத்திருக்கும்.

குழாய்க் கதைக்கு வருகிறேன். கார்த்திகையில் மழை விட்டிருந்த நேரத்தில் கீழேயிருந்து சில பையன்கள் ஒரு காரில் வந்தார்கள். அந்தக் கார் பஜாருக்குள் நுழையும்போதே அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு வந்தது. குழாயை இறுக்க ஒரு கிளாம்ப் வேண்டும் என்று மச்சானின் கடைக்கு வந்தவர்கள் முன்மூடியைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு பெரிய குழாய். இஞ்சின் சூட்டுக்கு வெளியே, முகப்பிலிருந்து குளிர்ந்த காற்றை நேராக உறிஞ்சுவதற்காம். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம், அதை உள்ளே விட்டால் இஞ்சினுக்குப் பலம் கூடும் என்று சொன்னார்களாம். அன்றைக்குச் சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக அவர் இதைச் சொன்னார். கண் இரண்டும் மின்னின.

"கீழ உள்ளவன் குளுந்த காத்தத் தேடிக் குழா போடுறான் புள்ள. நம்மூர்ல அது சும்மால்ல கெடக்கு."

இதைக் கொடைக்கானல்காரர்களால்தான் சொல்ல முடியும். சம்மரில் சனங்கள் மலை ஏறி வந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டு, ஆகா என்ன காற்று என்று சொல்வதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். அந்தக் காற்று மனுஷனுக்கு நல்லதென்றால் காருக்கும் நல்லதாகத்தானே இருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டு வாசலில் வேலை நடந்தது. எங்கள் காரில் ஒரு கறுப்புக் குழாய் ஏற்கனவே இருந்தது. அது சைலன்சர் பக்கத்துச் சூட்டிலிருந்து வெதுவெதுப்பான காற்றை எடுத்து இஞ்சினுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு மச்சான் சிரித்தார். நல்ல இஞ்சினுக்கு எவனாவது சுடுகாற்றைக் கொடுப்பானா என்று கேட்டுக்கொண்டே கழற்றிக் கடைப் பரணில் எறிந்தார். அந்த இடத்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது. அறுத்தார், தீயில் காட்டி வளைத்தார், திருப்பத்துக்கு எல்போ வைத்து ஒட்டினார். ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டுக் குழாயின் வாயை அங்கே நிறுத்தினார். தூசி போகாமல் இருக்க வாயில் ஸ்பாஞ்சு, அதற்கு முன்னால் மாமியின் மாவுச் சல்லடையிலிருந்து வெட்டிய வலை. மறுமுனை, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டரின் தலையில் சரியாக உட்கார ஒரு மூடி தேவைப்பட்டது. கடையில் எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் என் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பொருந்தியது. என் சீர்வரிசையில் வந்தது அது. அடியில் ஓட்டை போட்டுக் கவிழ்த்து வைத்தபோது நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். மாட்டுவதற்கு முன்னால் குழாயை வாயில் வைத்து 'ஊ' என்று ஒரு கூவல் கூவினார். தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின. காற்று தடையில்லாமல் போகிறதா என்று பார்த்தாராம்.

சொல்லக் கூடாது, முதல் நாள் கார் நன்றாகத்தான் போனது. நல்ல வெயில். போளூர்ப் பக்கம் போய் வந்தோம். ஏற்றத்தில் முக்கிக்கொண்டிருந்த கார் உறுமிக்கொண்டு ஏறியது. பூண்டு காய்கிற வாடை வழியெல்லாம். அவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு பாடினார். பாதிப் பாட்டுக்கு வரி தெரியாது, அதனால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார். எனக்கு அந்த உறுமலே பயமாக இருந்தது. என் டிபன் பாக்ஸுக்குள் ஏதோ ஒன்று மூச்சு விடுகிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது.

மார்கழி பிறந்து மூடுபனி இறங்கியது. அதன் பிறகுதான் கார் செத்துப்போகத் தொடங்கியது.

செத்துப்போவது என்றுதான் நான் சொல்வேன். பெருமாள்மலை தாண்டிக் காட்டு ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு இருமல். பிறகு இன்னொன்று. பிறகு உறுமல் தேய்ந்து, டயர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். சுற்றிலும் வெள்ளை. முன்னால் ரோடு இருக்கிறது என்பது ஒரு நம்பிக்கைதான். மச்சான் ஓரமாக ஒதுக்கி நிறுத்துவார், நான் கட்டையோடு குதிப்பேன். எதிரில் எந்த வளைவிலிருந்து எந்த பஸ் வரும் என்று தெரியாமல், ஈரத் தாரில் குத்தவைத்துக் கட்டையைத் தள்ளும்போது என் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்கே கேட்கும். அவர் முன்மூடியைத் திறந்து பெட்ரோல் வருகிறதா என்று பார்ப்பார், பிளக்கைக் கழற்றித் துடைப்பார், ஒயரை ஆட்டுவார். எல்லாம் சரியாக இருக்கும். அதற்குள் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல இஞ்சின் ஓடத் தொடங்கும். "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்பார்.

எனக்கு அந்த ஒன்றுமில்லைதான் பயம். ஏதாவது ஒன்று உடைந்திருந்தால் மாற்றிவிடலாம். மறுநாள் பனி இருந்தால் மறுபடி நிற்கும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் வெயில் அடிக்கும், கார் சமர்த்தாக ஓடும். அந்த ரோட்டில் ஓட்டுகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் ஒரு வளைவு அப்படித்தான், வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார்கள். மாமி தர்காவில் ஓதிய தாயத்து ஒன்றை வாங்கிவந்து குழாயிலேயே கட்டினார். பள்ளிக்கூடத்தில் என்கூட வேலை பார்த்த ஈஸ்வரி டீச்சர் பழனிக்காரர், அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த வீட்டுப் பெண்; அவர் மலைக்கோயில் விபூதிப் பொட்டலம் ஒன்றைத் தந்து டேஷ்போர்டில் வைக்கச் சொன்னார். இரண்டும் இருந்தும் கார் நின்றது. குழாய் போட்ட பிறகுதானே இப்படி என்று நான் ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தேன். குளிர்ந்த காற்று போகிற இடத்தில் என்ன கெட்டுப்போகும் என்று அவர் கேட்டார்.

நான் கூட இருக்கும்போது இருந்த பயம் ஒரு வகை. அதைவிடப் பெரியது நான் இறங்கிய பிறகு வருவது. திரும்பிப் போகும்போது அவர் தனியாகப் போக வேண்டும். அதுவும் ஏற்றத்தில். கட்டை போட ஆள் இல்லை. கட்டையை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கும்போது, இதை வைத்து இவர் என்ன செய்வார் என்று நினைப்பேன். ஓட்டுகிறவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால்தான் இறங்க முடியும். காலை எடுத்தால் கார் உருளும். அவரிடம் சொன்னால் என் தலையைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்.

அப்போதெல்லாம் செல்போனில் பேசுவது பெரிய சமாசாரம். மிஸ்டு கால்தான் எங்கள் பாஷை. அவர் பஜாருக்குப் போய்ச் சேர்ந்ததும் கடை போனிலிருந்து ஒரு ரிங் விட்டு நிறுத்துவார். பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் வரும். தினமும் காலையில் பிரேயர் முடிந்ததும் நான் தொட்டி ஓரத்தில் போனை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நிற்பேன். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு ரிங் வந்து அடங்கும். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வரும், பசியும் வரும். வகுப்புக்குள் போய் நிற்கும்போது நான் வேறு ஆளாக இருப்பேன் என்று ஈஸ்வரி டீச்சர் கேலி செய்வார்.

ஒரு நாள் அந்த ரிங் வரவில்லை.

சிக்னல் இல்லையோ என்று போனைத் தூக்கிப் பிடித்தேன். கோடுகள் இருந்தன. கடை போனுக்கு அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. அதாவது கடையை இன்னும் திறக்கவில்லை. தொட்டிக்கு அப்பால் மரம், செடி, மலை எதுவும் தெரியாமல் வெள்ளையாக இருந்தது. ஈஸ்வரி டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் மெயின் ரோட்டுக்கு ஓடினேன். பழனியிலிருந்து கொடைக்கானலுக்குப் போகிற பால் வண்டி ஒன்று ஏறி வந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன். டிரைவரிடம் நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் கதவைத் திறந்துவிட்டார்.

அந்த வண்டியில் நான் ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணை மூடாமல். செடி முறிந்திருக்கிறதா, தடுப்புக்கல் பெயர்ந்திருக்கிறதா, மோர்க்குழம்பு நிறம் ஏதாவது கீழே தெரிகிறதா என்று தேடினேன். பனிக்குள் அது தெரியவும் தெரியாது. அல்லாவை நான் அன்றைக்குக் கூப்பிட்டது போல அதற்கு முன்னும் கூப்பிட்டதில்லை, பின்னும் கூப்பிட்டதில்லை.

ஒரு கொண்டை ஊசி வளைவில் டிரைவர் பிரேக் அடித்தார். முன்னால் எங்கள் கார். பாதி ரோட்டை மறித்துக் குறுக்காக, பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்து நின்றது. ஒரு பின்சக்கரம் தாரை விட்டு இறங்கி ஓரத்து மண்ணில் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்குத்தான் மண், அப்புறம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஓடிப்போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே மச்சான் இருந்தார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, வலது காலை நீட்டி பிரேக்கை மிதித்தபடி விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரில் முகமெல்லாம் வேர்வை. கட்டை அவர் மடியில் இருந்தது.

நான் அவர் பக்கக் கதவைத் திறந்து மெதுவாகக் கட்டையை எடுத்தேன். பால் வண்டி டிரைவர் பெரிய கல்லொன்றை உருட்டிக்கொண்டு வந்து ஒரு சக்கரத்துக்குப் போட்டார். இன்னொன்றுக்கு நான் கட்டையை வைத்து, காலால் உதைத்து இறுக்கினேன். பிறகு அவரிடம் வந்து காலை எடுக்கச் சொன்னேன்.

"வரமாட்டேங்குது" என்றார்.

கட்டை போட்டாகிவிட்டது, கார் நகராது என்று சொன்னேன். அவருக்குக் கேட்டது, புரிந்தும் இருந்தது. கால்தான் வரவில்லை. கடைசியில் நான் குனிந்து, அவர் முழங்காலுக்குக் கீழே கையைக் கொடுத்து, அந்தக் காலைத் தூக்கி வெளியே வைத்தேன். மரம் மாதிரி கனத்தது. வெளியே வந்த பிறகும் அது தரையில் நிற்காமல் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

நடந்ததைப் பிறகு சொன்னார். வளைவில் ஏறும்போது இஞ்சின் நின்றிருக்கிறது. கியரில் போட்டுவிட்டுப் பார்த்தால், அந்தச் செங்குத்தில் பழைய இஞ்சின் தாங்காமல் கார் துள்ளித் துள்ளிப் பின்னால் நகர்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்து காலை பிரேக்கிலிருந்து ஆக்ஸிலேட்டருக்கு மாற்றினால், இஞ்சின் உறுமி, விக்கி, நின்றுவிடும். அந்த ஒரு நொடிக்குள் கார் இன்னும் கொஞ்சம் பின்னால் போகும். இப்படிச் சில தடவை. அதற்குள் பின்சக்கரம் மண்ணில் இறங்கிய அதிர்வு தெரிந்திருக்கிறது. அதற்கப்புறம் அவர் சாவியைத் தொடவே இல்லை. ஒரு பஸ் வந்திருக்கிறது. வளைவிலா வண்டியை நிறுத்துவது என்று திட்டிவிட்டு, ஒதுங்கிப் போய்விட்டதாம். இவர் வாயைத் திறப்பதற்குள் பனிக்குள் மறைந்துவிட்டது.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் பால் வண்டியிலேயே கொடைக்கானல் போனோம். அவர் வழி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பால் வண்டியின் ஈர வாடை இப்போதும் எனக்கு அந்தக் கையின் பிடியை நினைவுக்குக் கொண்டுவரும். பாக்கெட் பால் வாங்கும்போதுகூட.

மதியத்துக்கு மேல் வெயில் வந்ததும் ஆட்கள் போய்க் காரை எடுத்துவந்தார்கள். சாவியைத் திருப்பியவுடன் ஓடியதாம்.

அத்தனைக்குப் பிறகும் மச்சான் குழாயைக் குறை சொல்லவில்லை. பெட்ரோலில் தண்ணீர் என்றார். அன்றைக்கு நான் முதல்முறையாக அவரிடம் சத்தம் போட்டேன். அந்தக் குழாயைக் கழற்றாமல் இனி அந்தக் காரில் நீங்களும் ஏறக் கூடாது என்று சொன்னேன். மாமி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. குழாய் மேல் தப்பில்லை என்று காட்டுகிறேன் பார் என்று, அடுத்து வந்த பனிக் காலையில் வாசலில் சமதரையில் காரை நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். குழாய் வாய்க்குள் பனி புகைபோலப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் சீராக ஓடியது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இருமல் வந்தது. இன்னொன்று. இஞ்சின் நின்றது.

எப்போதும் முதலில் பெட்ரோலையும் பிளக்கையும்தான் பார்ப்பார். இந்தத் தடவை குழாயின் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே, அதனால் நேராக கிளாம்பைத் தளர்த்தி என் டிபன் பாக்ஸைத் தூக்கினார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். கார்புரேட்டரின் தொண்டைக்குள் வட்டமாக வெள்ளை படிந்திருந்தது. ஃபிரிட்ஜின் மேல்தட்டில் படியுமே, அந்தப் பூப்போன்ற வெள்ளை. நான் விரலை விட்டுச் சுரண்டினேன். விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது, உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டுவதற்குள் தண்ணீராகிவிட்டது.

"ஐஸு" என்றார்.

ஊசி போடுவதற்கு முன்னால் ஸ்பிரிட் தடவினால் கை ஜில்லென்று ஆகும் அல்லவா, அதுபோல பெட்ரோல் ஆவியாகிற இடம் தானாகவே குளிர்ந்துபோகும். அங்கே பனியும் ஈரமுமாக எங்கள் ஊர்க் காற்றை நேராகக் கொண்டுபோய் விட்டால், அந்த ஈரம் உறைந்து இஞ்சினின் மூச்சை அடைத்துவிடும். நின்ற பிறகு இஞ்சின் சூட்டில் உருகிப்போகும். பிளக்கைத் துடைத்து முடிப்பதற்குள் தடயமே இருக்காது. அந்தப் பழைய குழாய் சுடுகாற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தது இதற்காகத்தான். ஈரமாக இருந்த என் உள்ளங்கையையே மச்சான் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாமி கட்டிய தாயத்தை மரியாதையாக அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். குழாயைப் பிடுங்கினார். கடைப் பரணில் ஏறிப் பழைய கறுப்புக் குழாயைத் தேடி எடுத்துவந்து மாட்டினார்.

அதன் பிறகு கார் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். தொட்டி ஓரத்தில் ரிங் தவறாமல் வந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன் அடித்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். இப்போது என்ன நிதானம் தெரியுமா என்று ஈஸ்வரி டீச்சரிடம் பெருமை பேசினேன். மச்சான் பாடுவதில்லை என்பது எனக்கு உறைக்கவே ரொம்ப நாள் ஆயிற்று. கூரை மேல் கிடந்த வெந்நீர்க் குழாயை ஒரு நாள் கழற்றிச் சுருட்டிக் கடையில் விற்பனைக்கு வைத்தார். கடையில் ஏதாவது புதுச் சாமான் வந்தால் விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு அதற்குரிய தட்டில் வைத்துவிடுவார். இது வேறு எதற்கு ஆகும் என்று அவர் சொல்லி நான் மறுபடி கேட்கவே இல்லை.

இப்போது நாங்கள் பழனியில் இருக்கிறோம். கடையை மச்சானின் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். எங்கள் மகளின் காரில்தான் மலைக்குப் போய் வருகிறோம். அதில் ஹேண்ட் பிரேக் ஒரு பொத்தான். கார்புரேட்டர் என்றால் என்னம்மா என்று கேட்கிறாள். அந்த வளைவில் இரும்புத் தடுப்பு போட்டுவிட்டார்கள், ஓரத்தில் சனங்கள் நின்று போட்டோ எடுக்கிறார்கள். மூடுபனி இன்னும் வருகிறது, ஆனால் பல்லடிக்கிற குளிர் இல்லை. மிஸ்டு கால் யாரும் விடுவதில்லை. யார் எந்த வளைவில் இருக்கிறார்கள் என்று போனே காட்டிவிடுகிறது. அந்த வளைவைத் தாண்டும்போது நான் மடியில் கையை இறுக்கிக்கொள்வேன். மச்சான் முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை. அந்த நேரத்தில், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிய அந்த மனுஷனுக்காக எனக்கு அழுகை வரும்.

போன வாரம் பிளம்பர் வேலையை முடித்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போன பிறகு, முழ நீளக் குழாய்த் துண்டு ஒன்று குளியலறை வாசலில் மிச்சம் கிடந்தது. வெட்டுவாயில் இன்னும் அந்த வாடை இருந்தது. நான் அதை எடுத்துப்போய், பேப்பர் படித்துக்கொண்டிருந்த மச்சானிடம் கொடுத்தேன். ஏன் கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கக் கண்ணை வைத்துக் குழாய் வழியாக வாசலைப் பார்த்தார். உள்ளே இருந்த பிளாஸ்டிக் துருவலைத் தட்டி உதறினார். இப்போது வாயில் வைக்கப் போகிறார் என்று நான் அன்றைக்குச் சிதறி ஓடிய எதிர்வீட்டுக் கோழிகளை நினைத்துக்கொண்டு நின்றேன்.

"நல்ல குழாதான்" என்று என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "வச்சிரு. தண்ணிக்கு ஆகும்."